எட்டாவது பாட்டில் பன்னிரண்டு நொடி

"என் புருஷன் என்னைக் கொல்லப் பார்த்தாரா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த பெண் காய்கறி விலை விசாரிப்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் விரல்கள் போர்வை ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தன. வலது இடுப்பிலிருந்து முழங்கால்வரை கட்டு. கைக்கெட்டும் தூரத்தில் நடை பழக ஒரு வாக்கர்.

வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோர்ட் பக்கம் போவதை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் அவளை விடவில்லை. இப்போது பிழைப்பு துப்பறிவது. சுவரில் சாய்ந்து நின்ற உதவியாளருக்கு மீட்டர் என்று பெயர்; முன்பு டாக்ஸி ஓட்டியவர். வாய் ஓட ஆரம்பித்தால் நிற்காது என்பதால் வந்த பட்டம்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் வக்கீலம்மா.

"உலைக்களம்னு எங்க பேண்டு. இரும்பை அடிச்சு, அறுத்து, தேய்ச்சு வாசிக்கிற மெட்டல் பேண்டு. பாடறது என் அண்ணன். கர்ஜனைன்னு கூப்பிடுவாங்க. இரும்பு வாசிக்கிறது என் வீட்டுக்காரர். அவருக்குச் சுத்தியல்னு பேர். நான் லைட். பூட்டிக் கிடந்த ஒரு இரும்பாலையில கச்சேரி வெச்சோம். அதை அப்படியே லைவ் ஆல்பமா, வீடியோவா கொண்டுவர்றதா திட்டம். எட்டாவது பாட்டுல ஒரு விளக்கு திரும்பாம நின்னுடுச்சு. சரி பண்ண மேடை ஓரத்துக்கு ஓடினேன். மேல தொங்கின லைட் சட்டத்தோட ஒரு மூலை இறங்கி என் மேல விழுந்துடுச்சு. இன்னையோட நாப்பத்திரெண்டு நாள்."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்தாள். வெள்ளிக்கிழமை கடைகளுக்கு வரப்போகும் ஆல்பம். உள்ளே இரண்டு தட்டுகள். ஒன்று பாட்டு, ஒன்று படம்.

"எட்டாவது பாட்டைப் பாருங்க. நான் விழறதுக்கு முன்னாடி பன்னிரண்டு நொடி."

மீட்டர் மடிக்கணினியில் தட்டைச் செருகினார். அறை அதிர்ந்தது. அடுத்த கட்டில் நோயாளி எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், என் பழைய வண்டியில கியர்பாக்ஸ் உடைஞ்சப்போ இதே ராகம்தான் வந்துச்சு. நான் அதை ரெக்கார்ட் பண்ணாம ரிப்பேருக்கு விட்டுட்டேன்."

"சத்தத்தைக் குறைங்க மீட்டர். உங்களுதையும் சேர்த்து."

திரையில் நெருப்பும் நிழலும் மாறி மாறி வந்தன. திடீரென்று வேறொரு கோணம். மேடையின் முன் ஓரம். அகலத் தோளுடன் ஒருவன், மேலிருந்து இறங்கும் சங்கிலியின் கொக்கியைப் பிடித்திருந்தான். கொக்கியில் இருந்த போல்ட்டைத் திருகினான். கழற்றினான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு இருட்டு, ஒரு பெண்ணின் அலறல்.

அலறியவள் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "அவர்தான். அந்தச் சங்கிலி சேஃப்டிக்காக, கூரைக் கப்பி வழியா இறக்கி மேடைத் தரையில மாட்டறது. மத்ததுல ஒண்ணு நழுவினாலும் அது பிடிச்சுக்கணும். அந்த வாரம் எங்களுக்குள்ள பெரிய சண்டை. பேண்டை விட்டுடலாம், வான்னார். நான் வரமாட்டேன்னுட்டேன். அதுக்காகக் கொல்லுவாங்களா?"

"அவர் என்ன சொல்றார்?"

"கழட்டல, மாட்டினேங்கிறார். கண்ணால பார்த்தப்புறம் எதை நம்பறது? வராதீங்கன்னுட்டேன்."

கதவு திறந்தது. சுடுதண்ணி ஃபிளாஸ்க்கும் ஆரஞ்சுப் பையுமாக வந்தவனை டப்பாவின் அட்டையிலேயே பார்த்திருந்தார்கள். அட்டையில் வாய் பிளந்து உறுமிய கர்ஜனை நேரில் மெல்லிய குரலில் பேசினான்.

"பாப்பா, இதெல்லாம் எதுக்கு உனக்கு? ஓய்வு எடு." வக்கீலம்மாவிடம் திரும்பினான். "மாப்பிள்ளையைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்க வேண்டாம்னு நான்தான் எல்லார் காலையும் பிடிச்சு வெச்சிருக்கேன். நீங்க கிளறாதீங்க."

"அவ்வளவு பாசம் இருந்தா, அந்தப் பன்னிரண்டு நொடியைப் படத்துலேர்ந்து எடுத்திருக்கலாமே?"

"அது நடந்தது மேடம். நடந்ததை மறைச்சா எங்க இசைக்கு என்ன அர்த்தம்?"

சொல்லிவிட்டு அவன் தங்கையைக் கைத்தாங்கலாக எழுப்பி வாக்கரைப் பிடிக்க வைத்தான். தினமும் நாலு மணிக்கு அவன்தான் நடை பழக்குகிறானாம். ஒவ்வொரு அடிக்கும் "ம்… நல்லாருக்கு… இன்னும் ஒண்ணு" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

வெளியே வந்ததும் மீட்டர் பெருமூச்சு விட்டார். "தங்கமான அண்ணன் மேடம். எனக்கும் இருக்கானே ஒருத்தன், போன் பண்ணினா என் ஜாதகத்துல தப்பு கண்டுபிடிப்பான்."

"சுத்தியல் எங்கே வேலை பார்க்கிறார்னு விசாரிங்க," என்றாள் வக்கீலம்மா.

பஸ்களுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் சுத்தியல் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான். பல நாள் தூங்காத கண்கள்.

"அவ அனுப்பினாளா?" அதுதான் முதல் கேள்வி.

"ஆமா. உண்மை தெரியணுமாம்."

"அவளே கேட்டிருக்கலாம். என் போனை எடுக்கறதில்ல." டார்ச்சைக் கீழே வைத்தான். "நான் மாட்டினேன் மேடம். ஷோவுக்கு முன்னாடி, சவுண்ட் செக் நடக்கறப்போ, இந்தக் கையாலதான் போல்ட்டை முறுக்கினேன். மச்சான்கிட்டயும் சொன்னேன். தோள்ல கை போட்டு, 'டென்ஷன்ல இருந்தே மாப்பிள்ளை, மறந்திருப்பே, மனசைப் போட்டு வருத்திக்காதே'ன்னான். அப்புறம் ஆல்பத்தோட டிரெய்லர் வந்துச்சு. என்னையே பார்த்தேன், கழட்டறேன்! ஒரு வாரத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நிஜமாவே கழட்டிட்டேனோ? பைத்தியம் பிடிச்சிருக்கோ?"

வக்கீலம்மா மடிக்கணினியைத் திறந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்களைப் பார்க்க வேண்டாம். உங்களுக்குப் பின்னால தொங்குதே, அது என்ன?"

"எஃகுத் தகடு. நான் வாசிக்கிறது."

"பழசா?"

"ஒவ்வொரு ஷோவுக்கும் புதுசு. அடிக்க அடிக்கக் குழி விழும். குழி விழுந்துட்டா சத்தம் செத்துடும். மறுநாளே பழைய இரும்புக்குப் போட்டுடுவோம்."

"எட்டாவது பாட்டு வரும்போது எப்படி இருக்கும்?"

"அம்மை வந்த மூஞ்சி மாதிரி இருக்கும்." சொன்னவன் திரையைப் பார்த்தான். சட்டென்று குனிந்து மூக்கு படுகிற தூரத்துக்குப் போனான். அவனுக்குப் பின்னால் தொங்கிய தகடு முகம் பார்க்கும் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. ஒரு குழிகூட இல்லை.

"இது எட்டாவது பாட்டு இல்ல," என்றான் மெதுவாக.

"முதல் பாட்டுகூட இல்ல," என்றாள் வக்கீலம்மா. "ஷோவுக்கு முன்னாடி எடுத்தது."

அவன் முகத்தில் வந்த வெளிச்சம் உடனே அணைந்தது. "ஆனா அப்பவும் கழட்டறேனே மேடம்? சவுண்ட் செக்ல கழட்டியிருந்தாலும் தப்பு தப்புதானே?"

திரும்பும் வழியில் மீட்டரும் அதையேதான் கேட்டார். "நாள்தான் தப்பு, ஆள் கரெக்ட்டுங்கற மாதிரி ஆகிப்போச்சே மேடம்."

மறுநாள் காலை எடிட்டரின் அறை. அச்சகத்துக்கு மேல்மாடி, கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசைமேல் பேனாக்கள் நடனமாடின. எடிட்டர் சுறுசுறுப்பான மனிதர். செய்த வேலையில் பெருமை உள்ளவர்.

"நாலு கேமரா வெச்சோம் மேடம். ஆனா அந்தப் பன்னிரண்டு நொடி நாங்க எடுத்ததில்ல. கூட்டத்துல இருந்த ரசிகர்கள் போன்ல எடுத்ததையெல்லாம் ஒரே ஃபோல்டர்ல போட்டு பேண்டுலேர்ந்து கொடுத்தாங்க. அதுல ஒண்ணு. நிக்கவெச்ச போன்ல எடுத்தது. நான் ஓரங்களை வெட்டி, சுத்தி இருட்டாக்கினேன். அவ்வளவுதான்."

"எந்த இடத்துலேர்ந்து எடுத்திருக்காங்க?"

எடிட்டர் அரங்கத்தின் வரைபடத்தை விரித்து விரலை நகர்த்தினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அவர் நெற்றி சுருங்கியது.

"இங்கே ரசிகர்கள் வர முடியாதே… இது லைட் மேசை."

மீட்டர் விசிலடித்தார். "லைட் மேசையில யார் இருப்பா?"

"பாடகரோட தங்கச்சி மட்டும்தான்."

"மேடம்! கட்டில்ல படுத்திருக்கிற நம்ம ஆளே எடுத்ததா? புருஷன்மேல பழி போட்டுட்டு, நம்மளை வேற கூப்பிட்டு…"

"தன் இடுப்பைத் தானே ஒடிச்சுக்கிட்டாங்களா?" என்றாள் வக்கீலம்மா. "நீங்க இருட்டாக்காத ஒரிஜினல் இருக்கா சார்? முழு அளவுல போடுங்க. நிறுத்தாம, திரும்பத் திரும்ப."

ஓடியது. சுத்தியல் திருகினான், கழற்றினான், பையில் போட்டான். மறுபடி. மறுபடி. ஏழாவது முறை மீட்டர் கொட்டாவி விட்டார்.

"அந்தக் கீழ் மூலையில என்ன, வெள்ளையா?"

"புகை மெஷின். டெஸ்ட் பண்ணியிருப்பாங்க," என்றார் எடிட்டர்.

"நல்ல மெஷின் சார். எங்க வீட்டுக் கொசுவர்த்திப் புகை வீடு பூரா பரவி நாளெல்லாம் நிக்கும். இங்கே பாருங்க, வெளியே சுத்தினதெல்லாம் நல்ல பிள்ளையா வரிசையில வந்து மெஷினுக்குள்ளேயே போகுது."

யாரும் சிரிக்கவில்லை. எடிட்டரின் நாற்காலி கிறீச்சிட்டது. வக்கீலம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"மீட்டர், உங்களுக்கு இன்னைக்கு வாய் வலிக்கிற வரைக்கும் பேச அனுமதி." திரையைத் தட்டினாள். "சார், இதைத் திருப்பி ஓடவிடுங்க. கடைசியிலேர்ந்து முதலுக்கு."

எடிட்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். மெஷினிலிருந்து புகை கிளம்பி, விரிந்து, கலைந்தது. சுத்தியல் சட்டைப் பையில் கைவிட்டான். போல்ட்டை எடுத்தான். கொக்கியில் செருகினான். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக முறுக்கினான்.

எடிட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எனக்குத் தலைகீழா ஓடறதைத்தான் கொடுத்திருக்காங்க. நானும் அழகா வெட்டி, சத்தம் சேர்த்து… ஒரு மனுஷனைக் கொலைகாரன் ஆக்கிட்டேனே!"

"நீங்க ஆக்கலை. உங்களை வெச்சு ஆக்கினாங்க. இன்னும் ஒரே ஒரு உதவி. கச்சேரியில பாடகர் முகத்தைக் கிட்டத்துல காட்டறதை மட்டும் எடுத்து வைங்க. முதல் பாட்டுலேர்ந்து."

கர்ஜனையின் முகம் திரை நிறைய வந்தது. வேர்வை, நரம்பு, உறுமல். அழகான காட்சிகள். வக்கீலம்மா ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, சுத்தியல் மாட்டிய சங்கிலி எங்கே தொங்கியது என்று வரைபடத்தில் விரல் வைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

"அந்த ஒரிஜினலைப் பத்திரமா வைங்க சார். போலீஸ்ல சொல்லப்போறேன், விசாரணை அதிகாரி இன்னைக்கே கேட்பார்."

நாலு மணிக்கு அவர்கள் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நடைப்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தங்கையின் முழங்கைக்கு அடியில் அண்ணனின் கை.

"ஒரு சின்னக் கேள்வி," என்றாள் வக்கீலம்மா அந்தப் பெண்ணிடம். "சவுண்ட் செக்குல உங்க போனை லைட் மேசைமேல நிக்கவெச்சு வீடியோ எடுத்தீங்களா?"

"எப்பவுமே எடுப்பேன். வெளிச்சம் கேமராவுல எப்படித் தெரியுதுன்னு பார்க்க, ஒரு மணி நேரம் ஓடிட்டே இருக்கும். ஏன்?"

"அந்த போன் எங்கே?"

"என்மேல சட்டம் விழுந்தப்போ உடைஞ்சு போச்சு. அண்ணன் சொன்னான். இது அவன் வாங்கிக் கொடுத்த புது போன்."

"லைட் மேசையில வெச்சிருந்த போன், மேடை ஓரத்துல விழுந்த சட்டத்துல எப்படிம்மா உடையும்?"

அந்தப் பெண் நடையை நிறுத்தினாள்.

மீட்டர் மடிக்கணினியைத் தூக்கிப் பிடித்தார். சுத்தியல் பையிலிருந்து போல்ட்டை எடுத்து, செருகி, முறுக்கினான். புகை மேலே எழுந்தது. அவள் ஒருமுறை பார்த்தாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். மூன்றாவது முறை திரையருகே குனிந்தாள்.

"மாட்டறார்…"

"மாட்டினார். உங்க போன்லேர்ந்து அதை எடுத்துத் தலைகீழாக்கி, ரசிகர்கள் வீடியோவோட கலந்துவிட்டிருக்காங்க. ஷோவுல எடுத்த படம் பூரா பார்த்தேன். அவர் மாட்டின அந்தச் சங்கிலியை முதல் பாட்டுலேர்ந்தே காணோம். எட்டாவது பாட்டுல அவர் அதைக் கழட்டியிருக்கவே முடியாது, அங்கே இல்லாத சங்கிலியை எப்படிக் கழட்டறது? சவுண்ட் செக் முடிஞ்சு ஷோ ஆரம்பிக்கறதுக்குள்ள யாரோ எடுத்துட்டாங்க. ஏன்னு யோசிச்சேன். அது எங்கே தொங்குச்சுன்னு பார்த்தப்போ புரிஞ்சுது. மைக்குக்கு நேர் முன்னாடி. அது அங்கே இருந்திருந்தா, ஒருத்தரோட முகம் மட்டும் படம் பூரா ரெண்டா பிளந்து தெரியும்."

வராந்தாவில் ஒரு டிராலி கடகடவென்று போனது.

"கையை எடு," என்றாள் தங்கை.

"பாப்பா…"

"கையை எடுண்ணா."

எடுத்தான். வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் தனியாக நின்றாள்.

"ஒரே ஒரு சாயங்காலத்துக்குத்தான்," என்றான் கர்ஜனை. "பன்னிரண்டு வருஷம் பாப்பா. முதல் தடவையா நம்மளைப் படம் எடுக்க வந்திருக்காங்க. மத்த மூணு சங்கிலி தாங்கும்னு நெனச்சேன். உன்மேல விழும்னு சத்தியமா தெரியாது."

"விழும்னு தெரியாது. சரி, நம்பறேன். விழுந்தப்புறம் தெரியுமில்ல?"

வாக்கரை ஓர் அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நாப்பத்திமூணு நாள். தினம் வந்து ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தே. எனக்குத் தூக்கம் வராம நான் அழுதப்போ, 'மாப்பிள்ளை இப்படிப் பண்ணுவார்னு நானும் எதிர்பார்க்கலை'ன்னு என் தலையைத் தடவிக் கொடுத்தே. என் போன்லயே எடுத்து, என் புருஷனை எனக்கே கொலைகாரனாக் காட்டினே. அதையும் படத்துல சேர்த்து விக்கப் பார்த்தே. உன்மேல கோபம்கூட வரலண்ணா. நீ யாருன்னே தெரியல."

"உன்னை இழந்துடுவேனோன்னு பயம் பாப்பா. நான்தான்னு தெரிஞ்சா நீ என்னை…"

"அதனால அவரை இழக்க வெச்சே."

புது போனை எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். அதற்குமேல் அவனைப் பார்க்கவில்லை. வராந்தா முனையில் விசாரணை அதிகாரி வந்துகொண்டிருந்தார். வக்கீலம்மா மதியமே தகவல் சொல்லியிருந்தாள். கர்ஜனை ஓடவில்லை. அவருடன் படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ஆல்பம் வெள்ளிக்கிழமை வராது என்று எடிட்டர் ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தார்.

"உங்க போனைக் கொஞ்சம் கொடுங்கண்ணா," என்று தங்கை மீட்டரிடம் கேட்டாள். மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தினாள்.

மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது, பின்னால் பட்டறைச் சத்தம்.

"நான்தாங்க."

மறுமுனையில் வெல்டிங் சீறல் நின்றது.

"பார்த்துட்டேன். எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அண்ணன்தான்…" குரல் உடைந்தது. "நான் உங்களை நம்பியிருக்கணும்."

"ஆமா," என்றான் சுத்தியல். "உங்க அண்ணன் செஞ்சதுகூட எனக்குப் பெரிசாத் தெரியல. நீ நம்பிட்டியே. நீ நம்பினதைப் பார்த்து நானும் நம்பிட்டேன். என் கையை நானே சந்தேகப்பட்டு, வெல்டிங் வெச்ச இடத்தையெல்லாம் மூணு மூணு தடவை போய்த் தொட்டுப் பார்த்துட்டு இருக்கேன்."

அவள் அழுதாள். வக்கீலம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மீட்டர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை அக்கறையாகப் படித்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றது போன். "உன் வாயால சொல்லு. நான் என்ன பண்ணினேன்?"

"மாட்டினீங்க. நல்லா இறுக்கி மாட்டினீங்க. என் கண்ணால பார்த்தேன்."

பட்டறைச் சத்தம் தூரமானது. அவன் வெளியே வந்துவிட்டான் போலிருந்தது.

"வர்றீங்களா?"

"இன்னைக்கு வேண்டாம்," என்றான். "இன்னைக்கு வந்தா திட்டிடுவேன். நாளைக்கு வரேன்."